தகரப் பேணியும் பஸ் ஆசனமும்: வடக்கில் தீண்டாமை உடைந்த கதை எங்களுக்கும் உரியது

றோசா பார்க்ஸ் யார் என்று தரம் பத்துப் பிள்ளையிடம் கேட்டால் சொல்லிவிடும். ஐக்கிய அமெரிக்காவின் மொன்ட்கோமரி நகரில் 1955 டிசம்பர் முதலாம் திகதி பஸ் ஆசனத்தை வெள்ளையருக்கு விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதான கறுப்பினப் பெண்மணி. அதன்பின் அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தார்கள், உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது, ஆசனப் பிரிப்பு ஒழிந்தது. அதே பிள்ளையிடம் சங்கானையில் என்ன நடந்தது, மாவிட்டபுரத்தில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். முழித்துக்கொண்டு நிற்கும். மன்னார் மாவட்டத்தில் பல வருடங்களாக வரலாறு படிப்பிப்பவன் என்ற வகையில் இதை அனுபவத்தில் இருந்தே சொல்கிறேன். பிள்ளைகளில் மட்டும் பிழை சொல்லிப் பயனில்லை. இது தமிழருக்குள் நடந்த சாதிப் பிரச்சினை, முஸ்லிம்களாகிய எமக்கு இதில் என்ன வேலை என்று பெரியவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அவ்வாறு நினைப்பது சரியல்ல என்பதற்கான காரணங்களை இக்கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். முதலில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்துத் தீண்டாமையை வெறும் மரியாதைக் குறைவு என்று விளங்கிக்கொள்வது தவறு. அதன் அடியில் இருந்தது அடிமை முறை. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தில் அடிமைகள் பற்றித் தனிப் பகுதியே இருந்தது. நளவரும் பள்ளரும் அதில் அடிமைச் சாதிகளாகப் பெயர் குறிக்கப்பட்டவர்கள். இலங்கையில் அடிமை முறை 1844 இல் சட்டப்படி நீக்கப்பட்டது. அமெரிக்காவில் அது 1865 இல்தான் நீங்கியது, ஆகவே நாங்கள் 21 வருடம் முந்தியவர்கள். ஆனால் இரண்டு இடங்களிலும் ஒரே காரியம்தான் நடந்தது. சட்டம் விடுதலை கொடுத்தது, காணியைக் கொடுக்கவில்லை. காணி இல்லாதவன் பழைய எசமானின் வளவிலேயே குடியிருந்து, அவனுடைய பனையிலேயே ஏறி, அவனுடைய தோட்டத்திலேயே கூலிக்கு நின்றான். அப்படி நின்றவனை அடக்கி வைக்க, அடிமைச் சட்டத்துக்குப் பதிலாகப் பழக்கவழக்கம் போதுமாக இருந்தது.

அந்தப் பழக்கவழக்கத்தின் பட்டியல் நீளமானது. ஆண்கள் தோளில் சால்வை போடக்கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது. செருப்பும் குடையும் கூடாது. பொதுக் கிணற்றில் அள்ளக்கூடாது, யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டும். சாவீட்டில் பறை அடிக்கக்கூடாது. கோயில் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட வேண்டும். முடி வெட்டும் கடையிலும் சலவைக் கடையிலும் அவர்களுக்குச் சேவை இல்லை. பஸ் ஓடத் தொடங்கிய பிறகு அதற்கும் ஒரு விதி வந்தது: காசு கொடுத்து ரிக்கெற் எடுத்தாலும் ஆசனத்தில் அமரக்கூடாது. மொன்ட்கோமரியில் பின்வரிசையாவது இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

தேத்தண்ணிக் கடையில் நடந்ததுதான் எல்லோருக்கும் கண்ணில் பட்டது. மற்றவர்களுக்குக் கிளாசில் தேநீர், இவர்களுக்குத் தகரப் பேணியில் அல்லது வெறும் போத்தலில். மற்றவர்களுக்கு வாங்கு, இவர்களுக்கு வெளியே நிலம். அமெரிக்காவில் உணவுக் கடைகளில் கறுப்பினத்தவர் எந்தச் சாமானையும் வாங்கலாம், ஆனால் சாப்பாட்டு மேசையில் உட்கார முடியாது. 1960 பெப்ரவரி முதலாம் திகதி கிறீன்ஸ்பரோ நகரில் 4 மாணவர்கள் அந்த மேசையில் போய் அமர்ந்தார்கள். சில மாதங்களுக்குள் நாஷ்வில் போன்ற நகரங்களின் கடைகள் வழிக்கு வந்தன. யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைப் பிரவேசம் பெருமெடுப்பில் நடந்தது அதற்கு 6, 7 வருடங்களின் பின்னர்தான்.

இடையில் பாடசாலை விவகாரம் இருக்கிறது. அது இன்னும் பழையது. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் பள்ளிக்கூடம் வைத்த நாளிலிருந்தே யாரை யாரோடு இருத்துவது, யாருடைய கையால் சமைத்ததை யார் சாப்பிடுவது என்ற சண்டை தொடங்கிவிட்டது. தங்கள் நாட்டில் மனிதர்களை ஏலத்தில் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் இங்கே வந்து சமபந்தி பற்றி வாதாடினார்கள் என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. பிற்காலத்தில் 1924 இல் உருவான யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் இளைஞர் காங்கிரஸ் என்று அறியப்பட்ட இயக்கம், ஹன்டி பேரின்பநாயகம் போன்றோரின் தலைமையில் சாதிப் பிரிவினையை வெளிப்படையாக எதிர்த்தது. 1927 இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்களும் இவர்கள்தான். அதே காலப்பகுதியில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று அரசு நெருக்கத் தொடங்கியது. அதுவரை ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை நிலத்தில் இருந்து படித்தது, சில இடங்களில் கூரைக்கு வெளியே. சம ஆசனம் வந்தவுடன் என்ன நடந்தது? சில பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். தன் பிள்ளையும் படிக்கின்ற பள்ளிக்கூடத்தை எரிக்கும் அளவுக்கு ஒருவனை எது கொண்டுபோகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இலங்கைப் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது 1957 இல், 21 ஆம் இலக்கச் சட்டம். சாதியின் பேரில் ஒருவரைப் பாடசாலையில், கடையில், உணவகத்தில், கிணற்றடியில், வாகனத்தில், வழிபாட்டிடத்தில் தடுப்பது குற்றம் என்று அது சொன்னது. அதே வருடம் செப்டம்பரில்தான் அமெரிக்காவின் லிட்டில் ரொக் நகரத்தில் 9 கறுப்பினப் பிள்ளைகளை ஒரு பாடசாலைக்குள் கொண்டுபோய் விடுவதற்கு ஜனாதிபதி ஐசனோவர் இராணுவத்தை அனுப்பினார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. அங்கே நீதிமன்றம் சொன்னதை நிறைவேற்ற மத்திய அரசு கடைசியில் துப்பாக்கியோடு வந்தது. இங்கே சட்டம் அச்சிட்ட தாளிலேயே தங்கிவிட்டது. முறைப்பாட்டை எடுக்க வேண்டிய பொலிஸ்காரரும், விசாரிக்க வேண்டிய விதானையாரும், சாட்சி சொல்ல வேண்டிய அயலவரும் பெரும்பாலும் ஒரே பக்கத்து ஆட்களாக இருந்தபோது அது எப்படி நடைமுறைக்கு வரும்? அத்தோடு முறைப்பாடு செய்தவனுக்கு மறுநாள் வேலை இல்லை, குடியிருக்க வளவும் இல்லை.

அதனால்தான் 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி முக்கியமான நாளாகிறது. அன்று சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. சண்முகதாசன் தலைமையிலான, சீன சார்பு எனப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சியினர் அதனை ஒழுங்கு செய்தனர். பொலிஸார் தடியடி நடத்தினர், ஊர்வலம் நிற்கவில்லை. அடுத்த வருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைக்கப்பட்டது. எஸ்.ரி.என். நாகரட்ணம், கே.ஏ. சுப்பிரமணியம், எழுத்தாளர் கே. டானியல் ஆகியோர் அதன் முன்னணியில் நின்றார்கள். அதற்கு முன்னரே 1940களில் இருந்து சிறுபான்மைத் தமிழர் மகாசபை மனுக்கள் மூலமும் மாநாடுகள் மூலமும் போராடி வந்தது. அந்தச் சபையில் இருந்த எம்.சி. சுப்பிரமணியம் 1970 இல் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார்.

ஏன் தேநீர்க்கடையை முதலில் தெரிவு செய்தார்கள்? கிணறு பெரும்பாலும் தனியார் வளவுக்குள் இருக்கிறது. கோயில் என்றால் அது சாமி விடயம், அரசுக்கு அதில் கைவைக்கப் பயம். கடையோ சந்தியில் இருக்கிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு லைசன்ஸ் கொடுப்பது உள்ளூராட்சி மன்றம். உள்ளே போய் ஒரு தேநீர் கேட்க அதிகம் காசும் தேவையில்லை. கொடுக்காவிட்டால் சட்டம் மீறப்பட்டது பகிரங்கமாகும். கிறீன்ஸ்பரோ மாணவர்கள் போட்ட கணக்கும் கிட்டத்தட்ட இதுதான்.

சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம், நெல்லியடி என்று பல இடங்களில் இளைஞர்கள் கூட்டாகக் கடைக்குள் போய் அமர்ந்தார்கள். அமெரிக்க மாணவர்கள் அடி வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்காமல் இருந்தார்கள். இவர்கள் அப்படி இருக்கவில்லை. வீடு எரிக்க வந்தவர்களை எதிர்த்து நின்றார்கள். சங்கானையில் சின்னர் கார்த்திகேசு கொல்லப்பட்டார். வேறு இடங்களிலும் உயிர்கள் போயின. அந்தத் தொகுதியின் உறுப்பினரான அமிர்தலிங்கம் சங்கானை ஷங்காய் ஆகிறது என்ற பொருளில் பாராளுமன்றத்தில் பேசியது இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஒரு மனிதன் கிளாசில் தேநீர் கேட்டதற்குப் பின்னால் சீனாவைத் தேடிய பேச்சு அது. தமிழரசுக் கட்சி தீண்டாமையை எதிர்த்துத் தீர்மானங்கள் போட்ட கட்சிதான். எனினும் வாக்குப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதையும் அது மறக்கவில்லை. அமெரிக்காவில் தென்மாநில ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கறுப்பினப் போராட்டத்தை மொஸ்கோவின் வேலை என்று சொன்னதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1968 இல் போராட்டம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலுக்கு வந்தது. அதற்கு முன்பே நல்லூர் உட்படச் சில பெரிய கோயில்கள் கதவைத் திறந்திருந்தன. மாவிட்டபுரம் திறக்கவில்லை. திருவிழாக் காலத்தில் உள்ளே செல்ல வந்தவர்கள் வாசலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை கொடுத்தவர் சாதாரண ஆள் அல்ல. சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை விவகாரத்தில் அமைச்சுப் பதவியையே விட்டவர். ஈழம் என்ற தனிநாட்டுக் கோரிக்கையை மிக முந்தியே எழுப்பியவர்களில் ஒருவர். எழுபது வயது தாண்டிய நிலையில் அவர் கோயில் வாசலில் நின்று, தன் மொழியைப் பேசுகின்ற, தன் சாமியைக் கும்பிடுகின்ற மனிதனை உள்ளே விடமாட்டேன் என்றார். 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, குற்றவாளியாகக் காணப்பட்டார். சட்டம் அத்தனை வருடம் கழித்துத்தான் ஒரு பெரிய மனிதரைத் தொட்டது.

சிங்களப் பேரினவாதத்திடம் சமத்துவம் கேட்கத் தெரிந்தவருக்கு, பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சமத்துவம் கொடுக்கத் தெரியாமல் போனது எப்படி? இந்தக் கேள்வியை நான் தமிழரைக் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. இதே கேள்வி எங்களிடமும் வரப்போகிறது.

முஸ்லிம்கள் அன்றைய யாழ்ப்பாணத்தில் எங்கே நின்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1955 இல் யாழ்ப்பாண மாநகர சபையின் மேயராக எம்.எம். சுல்தான் இருந்தார். ஒரு முஸ்லிம் நகரத்தின் முதற் பிரஜையாக அமரக்கூடிய ஊரில், ஒரு தமிழன் தேத்தண்ணிக் கடை வாங்கில் அமர முடியவில்லை. எமது சமூகம் அந்த ஒழுங்கில் வெளியாளாக, ஆனால் மதிக்கப்பட்ட வெளியாளாக இருந்தது. வியாபாரம் செய்தோம், நிம்மதியாக இருந்தோம். எம்மிடையே சிலர் அத்தோடு நிற்கவில்லை. சுபைர் என்ற இயற்பெயர் கொண்ட நாவலாசிரியர் இளங்கீரன் முற்போக்கு எழுத்தாளர்களின் முன்வரிசையில் நின்றார், ‘மரகதம்’ என்ற சஞ்சிகையையும் நடத்தினார். டானியலும், முடிவெட்டும் கடையில் இருந்துகொண்டே ‘மல்லிகை’ சஞ்சிகையை வெளியிட்ட டொமினிக் ஜீவாவும் அவருடைய தோழர்கள். டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் இந்தப் போராட்டத்தில் இருந்தே பிறந்தது. எமது பாடசாலை நூலகங்களில் அது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கடைகள் திறந்தன. கோயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1971 இல் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கூட்டப்பட்டது. 1970களில் கள்ளிறக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது மரத்துச் சொந்தக்காரனின் பிடி தளர்ந்தது. என்னைக் கேட்டால், கோயில் கதவை விட இதுதான் பெரிய மாற்றம். கையில் சொந்தக் காசு வந்த பிறகு பேணியில் யார் குடிப்பான்?

ஆனால் இதோடு பிரிப்பு முடிந்துவிடவில்லை. அமெரிக்க அனுபவம் இங்கே உதவும். மொன்ட்கோமரி நகரசபை, பூங்காக்களைக் கறுப்பினத்தவருக்கும் திறக்கும்படி வழக்கு வந்தபோது, 1959 இல் நகரத்தின் எல்லாப் பூங்காக்களையும் இழுத்து மூடியது. நீச்சல் தடாகத்தை மண் போட்டு நிரப்பினார்கள். ‘உனக்குக் கொடுப்பதைவிட எனக்கும் வேண்டாம்’ என்ற மனநிலை. வேர்ஜீனியாவில் ஒரு மாவட்டம் தனது அரசாங்கப் பாடசாலைகளை 1959 தொடக்கம் 1964 வரை மூடியே வைத்திருந்தது. இது அமெரிக்க விசித்திரம் என்று சிரிக்க வேண்டாம். 2018 இல், தென்மராட்சி வரணியில் ஒரு கோயில் திருவிழாவில், ஒடுக்கப்பட்ட சாதியினரும் சேர்ந்து வடம் பிடிக்க நேரும் என்பதால் தேரை மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டு இழுத்தார்கள். படங்கள் இணையம் முழுக்கச் சுற்றின.

இன்னொரு வகைப் பிரிப்பு சத்தமில்லாமல் நடப்பது. பொஸ்டன் நகரத்தில் 1974 இல் நீதிமன்ற உத்தரவுப்படி பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி மற்ற இனத்தவரின் பாடசாலைக்கு அனுப்பியபோது கல்லெறி நடந்தது. கல் எறியாத வெள்ளையர்களில் பலர் வீட்டை விற்றுவிட்டுப் புறநகருக்குப் போய்விட்டார்கள். சட்டப்படி பாடசாலை எல்லோருக்கும் பொது, உள்ளே இருப்பது ஒரே இனம். யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் இடம்பெயர்ந்த எல்லோரும் ஒரே முகாமில், ஒரே பவுசர்த் தண்ணீருக்கு வரிசையில் நின்ற காலம் இருந்தது. காணி உள்ளவன் ஊருக்குத் திரும்பினான், வசதி உள்ளவன் கொழும்புக்கோ கனடாவுக்கோ போனான். இருபது, இருபத்தைந்து வருடம் கழித்தும் வலிகாமத்து முகாம்களில் எஞ்சியவர்களில் மிகப் பெரும்பாலானோர் காணியில்லாத ஒடுக்கப்பட்ட சாதியினர். யாரும் பலகை மாட்டவில்லை. தானாகவே வடிகட்டிவிட்டது.

இப்போது எங்கள் விடயத்துக்கு வருகிறேன்.

1990 ஒக்டோபர் இறுதியில் மன்னார்த் தீவின் முஸ்லிம்களை, எருக்கலம்பிட்டி தாராபுரம் என்று வேறுபாடில்லாமல், விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலும் ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். எங்களை வள்ளங்களில் ஏற்றிக் கற்பிட்டிப் பக்கம் அனுப்பினார்கள். நான் அப்போது சிறுபிள்ளை. சாதித் தீண்டாமை ஒருவனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தள்ளி நிறுத்துகிறது, ஏனென்றால் அவனுடைய உழைப்புத் தேவை. எங்களுக்கு நடந்தது வேறு, நாங்கள் தேவையே இல்லை என்று முடிவெடுத்தார்கள். இதற்கும் அமெரிக்காவில் உதாரணம் உண்டு. அந்நாட்டின் வடக்கிலும் மத்திய பகுதியிலும் பல சிற்றூர்களின் எல்லையில், பொழுது சாய்வதற்குள் கறுப்பினத்தவர் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்ற அறிவித்தல் பலகைகள் இருந்தன. தெற்கின் பஸ் ஆசனக் கதை உலகம் முழுக்கத் தெரியும். இந்தச் சிற்றூர்களின் கதை நீண்ட காலம் யாரும் பேசாமலே கிடந்தது. வெளியேற்றப்பட்டவன் அங்கே இல்லை அல்லவா, பேசுவதற்கு.

புத்தளத்தில் நாங்கள் சந்தித்ததையும் சொல்லத்தான் வேண்டும். எங்களைக் காப்பாற்றியவர்கள் அந்த மண்ணின் முஸ்லிம்கள். முதல் நாள் சோறும் பாயும் அவர்கள் தந்தவை, அதை மறக்கமாட்டோம். ஆனால் நாட்கள் வருடங்களாக நீண்டபோது ‘அகதி’ என்ற சொல் ஒரு சாதிப் பெயராக மாறிவிட்டது. நான் படித்த பாடசாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலையில் வகுப்பு, எங்களுக்குப் பின்னேரத்தில். இடநெருக்கடிதான் காரணம், வேறு வழி இருக்கவில்லை என்பதை இன்று ஓர் ஆசிரியனாக விளங்கிக்கொள்கிறேன். எனினும் ஒரே மேசையில், ஒரே கதிரையில், ஒருவரை ஒருவர் காணாமல் இரண்டு கூட்டம் பிள்ளைகள் படித்தார்கள். ஒரே கலிமாவைச் சொன்னவர்களுக்கு இடையில் அப்படி ஒரு சுவர் எழும்பும் என்றால், சுவர் எழும்புவதற்கு இனமோ மதமோ அவசியமில்லை. காணி, கிணறு, பாடசாலை இடம், அரசாங்க உத்தியோகம் ஆகியவற்றுக்கான போட்டி போதும்.

யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தோம். நான் இப்போது ஓலைத்தொடுவாயில் இருக்கிறேன். மீள்குடியேற்றத்தில் காடாகிப்போன காணி, தொலைந்த உறுதி, வாக்காளர் பதிவு, வில்பத்துப் பிரசாரம் என்று பட்ட பாடு வாசகர்களுக்குத் தெரிந்ததே, அதை மீண்டும் எழுதவில்லை. நான் கவனிப்பது வேறொன்றை. 1990 க்கு முன்னர் மன்னார் மாவட்டத்தின் சனத்தொகையில் கால்பங்குக்குச் சற்று அதிகமானோர் முஸ்லிம்கள். தோணியிலும் சந்தையிலும் வயலிலும் தமிழரோடு கலந்து கிடந்த வாழ்க்கை அது. திரும்பி வந்தவர்கள் அப்படிக் கலக்கவில்லை. நாங்கள் எங்கள் ஊருக்குள், அவர்கள் அவர்கள் ஊருக்குள். ஒரு தலைமுறை ஒருவரை ஒருவர் அறியாமல் வளர்ந்துவிட்டது. மீன் விலை பேசுகிறோம், வைத்தியசாலை வரிசையில் பக்கத்தில் நிற்கிறோம். பிள்ளைகள் வேறு வேறு பாடசாலைக்குப் போகின்றன.

பாடசாலை என்று வரும்போது எமது சமூகத்தில் கோபம் வருகிறது, நியாயமான கோபம்தான். முஸ்லிம் பாடசாலை என்ற தனிப் பிரிவு எமது கல்வியை எவ்வளவு தூக்கிவிட்டது என்பதும், பதியுதீன் மஹ்மூத் கல்வியமைச்சராக இருந்த காலத்தில் அது எவ்வாறு வளர்ந்தது என்பதும் தெரிந்த வரலாறு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு, இனரீதியான பாடசாலைகளை ஒழிக்க வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, அதில் பலருடைய நோக்கம் கலப்பு அல்ல, எங்களைத் தண்டிப்பது. ஆகவே அந்தக் கோரிக்கையைச் சந்தேகத்தோடு பார்ப்பது சரியே. அமெரிக்காவிலும் 1954 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பின்னர் பாடசாலைகளை ஒன்றாக்கியபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பாடசாலைகள்தான். பல்லாயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களும் அதிபர்களும் வேலை இழந்தார்கள். சமத்துவம் என்ற பெயரில் ஒரு பக்கத்துக் கட்டடம் மட்டும் இடிபட்டது.

அடைத்து வைக்கப்படுவதும், நாமே ஒன்றாக இருப்பதும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்துச் சிறுவனை நிலத்தில் இருத்தியவர்களையும், தன் மொழியில் தன் விடுமுறைகளோடு படிக்க ஒரு பாடசாலை கேட்ட சமூகத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இருந்தும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இரண்டு தரப்பும் தமிழ் மொழியிலேயே படிக்கின்ற மன்னார் மாவட்டத்தில், உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர் தட்டுப்பாட்டோடு நாலு மைல் இடைவெளியில் இரண்டு பாடசாலைகள் திண்டாடும்போது, வகுப்பை ஒன்றாக நடத்துவதற்கு எது தடை? நான் கேட்ட இடங்களில் எல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: பெற்றார் விரும்பமாட்டார்கள். எந்தப் பெற்றாரும் என்னிடம் நேரில் வந்து அப்படிச் சொன்னதில்லை.

கடைசியாக ஒன்று. இதை எழுதினால் சிலருக்குக் கசக்கும். தீண்டாமை தமிழருடைய நோய், எங்கள் பள்ளிவாசல் ஸஃப்பில் மேல் கீழ் இல்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஸஃப்பில் இல்லை, உண்மைதான். எமது ஊர்களில் கத்னா செய்து, முடி வெட்டி வந்த ஒஸ்தா குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தொழுகையில் முன்வரிசை உண்டு, கந்தூரிச் சோற்றில் ஒரே சகன் உண்டு. பெண் கொடுக்கல் வாங்கல் என்று வந்தால் எத்தனை வீட்டில் பேச்சு நின்றுபோகிறது? இப்போது பிள்ளைகளுக்கு வைத்தியசாலையில் கத்னா செய்கிறோம், முடி வெட்ட சலூனுக்குப் போகிறோம். அந்தத் தொழிலே ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, பல்கலைக்கழகம் முடித்து நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். சென்ற வருடம் அவனுக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். பெண் வீட்டார் வந்து பார்த்து, தேநீர் குடித்து, மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். போகிற வழியில் யாரிடமோ பாட்டனாரின் தொழிலை விசாரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்களிடம் இருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை.